“தம்பி என்ன பாவம் செய்தான் அம்மா?”

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு ஆறு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். “போன பிறவியில் செய்த பாவத்தை அனுபவிக்கிறான், யார் மாற்ற முடியும்?” என்கிறார் என் மாமியார். ஜோதிடர் ஒருவர் பரிகாரத்துக்கு 40,000 ரூபாய் கேட்கிறார். அது ஏறத்தாழ ஒரு வருடச் சிகிச்சைக்கான பணம். எல்லாரும் பார்க்கும் பார்வைக்குப் பயந்து பிள்ளையைக் கோயிலுக்குக்கூட அழைத்துப் போவதில்லை. எட்டாவது படிக்கும் என் மகள் நேற்று, “தம்பி என்ன பாவம் செய்தான் அம்மா?” என்று கேட்டாள். நம் மதம் உண்மையில் இதைத்தான் சொல்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்வது நம் சமயத்தின் முடிவு இல்லை. ஆனால் வினைக் கொள்கையே நம்மிடம் கிடையாது என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. உயிர் இந்த உடலோடு தோன்றி இந்த உடலோடு மடிவதில்லை என்பதையும், செய்த வினைக்கேற்பப் பிறந்தும் இறந்தும் வந்து முடிவில் அந்தச் சுழலிலிருந்து விடுபடுவதே அதன் இலக்கு என்பதையும் சைவர், வைணவர், அத்வைதிகள் ஆகிய அனைவரும் ஏற்கிறார்கள். உயிருக்கும் இறைவனுக்கும் என்ன உறவு என்பதில்தான் அவர்கள் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள்.

உலகில் வினை உண்டு என்று நம்புவது ஒன்று. இந்தப் பிள்ளையின் கால் ஊன்றாததற்கு இன்ன பாவம்தான் காரணம் என்று கைநீட்டிச் சொல்வது முற்றிலும் வேறொன்று. அப்படிச் சொல்லும் அறிவு நம்மைப் போன்ற மனிதருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. வினையின் போக்கு அறிதற்கு அரியது என்று கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணனே அர்ச்சுனனிடம் சொல்கிறான். வினைக் கொள்கை ஒருவர் தம் செயலைத் தாமே எண்ணிப் பார்த்து நடப்பதற்காகச் சொல்லப்பட்டது. அதை அடுத்தவர் வீட்டுத் துன்பத்தின் மேல் வைத்து அளக்கும்போது அது சமயமாக இருப்பதில்லை, வன்சொல்லாகிவிடுகிறது.

உங்கள் மாவட்டத்துப் பெண்ணாகடத்தோடு தொடர்புடைய மெய்கண்டார் பன்னிரண்டே நூற்பாக்களில் சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளம் இட்டார். அந்தச் சித்தாந்தப்படி வினை அறிவற்றது. அது தானாக வந்து எந்த உயிரையும் பற்றிக்கொள்வதில்லை. இறைவன்தான் அதைக் கூட்டுவிக்கிறான், அதுவும் மருத்துவன் அறுத்து நோய் தீர்ப்பதைப் போல உயிரின் அழுக்கு கழிவதற்காகவே என்பார்கள் அந்த மரபினர். ஆறு வயதுப் பிள்ளையின் தாய்க்கு இந்த விளக்கம் ஆறுதல் தராமல் போகலாம். தராவிட்டால் அதை வலிந்து ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தத்துவத்திலும் துன்பப்படுகிறவரை இகழ்வதற்கு இடமில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

மாமியார் கேட்டாரே, யார் மாற்ற முடியும் என்று, அந்தக் கேள்விக்குத் தேவாரத்திலேயே விடை இருக்கிறது. திருஞானசம்பந்தர் அடியார்களோடு திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, உடன் வந்தவர்களைக் குளிர்காய்ச்சல் பற்றியது. அப்போது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம் “அவ்வினைக்கு இவ்வினை” என்று தொடங்குகிறது. அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்கிறீர்களே, அதை அறிந்திருந்தும் உய்வதற்கு வழி தேடாமல் இருப்பது உங்களுக்குத்தான் குறையல்லவா என்று அடுத்த வரியிலேயே கேட்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. வினை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதைத்தான் குறை என்கிறார். மகனைத் தூக்கிக்கொண்டு வாரம் மூன்று நாள் சிகிச்சைக்கு நடக்கிறீர்களே, அதுதான் அவர் சொன்ன உய்வினை நாடுதல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பண்ருட்டியை அடுத்த திருவதிகையை நீங்கள் அறிவீர்கள். திருநாவுக்கரசர் சூலை என்னும் கடும் வயிற்றுவலியோடு அங்கு வந்து விழுந்து பாடிய முதற்பாடலில், “கொடுமைபல செய்தன நான் அறியேன்” என்கிறார். தாம் செய்த கொடுமை இன்னதென்று அவருக்கே தெரியவில்லை என்றால், பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அவருடைய தமக்கை திலகவதியாரை எண்ணிப் பாருங்கள். தம்பி வேறு சமயத்துக்குப் போனது அவருக்குப் பெருந்துயரம். ஆயினும் நோயோடு திரும்பி வந்தவரிடம் “நீ செய்ததன் பலன்” என்று அவர் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்றே சொல்கிறது.

இதே கேள்வியை வடலூர் வள்ளலாரும் எதிர்கொண்டார். பசித்தவர்கள் தம் வினையை அனுபவிக்கிறார்கள், அவர்களுக்கு உதவுவது கடவுள் கட்டளைக்கு மாறாகாதா என்று கேட்பவர்களுக்கு, சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில் அவர் விடை எழுதியிருக்கிறார். பெருங்குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறானே என்பது அவர் காட்டும் உவமை. 1867இல் அவர் தொடங்கிய தருமச்சாலையில், வந்தவர் எவரிடமும் முற்பிறவிக் கணக்குக் கேட்டுச் சோறு போடுவதில்லை. உங்கள் மாமியார் அந்த ஊருக்குத் தைப்பூசத்துக்குப் போய் வருபவராக இருந்தால், அமைதியான ஒரு வேளையில் இதை அவரிடம் சொல்லுங்கள். அவர் கொடியவராக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பேரனைப் பார்த்து வரும் வேதனையைத் தாங்குவதற்கு, காதில் விழுந்த ஒரு விளக்கத்தை அவர் பற்றிக்கொண்டிருக்கலாம்.

பரிகாரம் பற்றி: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வழிபட மனம் இருந்தால் மேற்சொன்ன திருநீலகண்டப் பதிகத்தை வீட்டில் விளக்கேற்றிப் படியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளைக்குப் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ நேரும் பாதிப்பு. தொடர்ந்த பயிற்சி தசை இறுகாமல் காக்க உதவும், அதை ஒரு மாதம்கூட நிறுத்த வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. இன்னும் அடையாள அட்டை வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

இனி உங்கள் மகள். அவளுக்கு மகாபாரதத்திலிருந்து மாண்டவியர் கதையைச் சொல்லுங்கள். குற்றமற்ற அந்த முனிவர் கழுவில் ஏற்றப்படுகிறார். பின்பு தருமதேவனிடம் சென்று காரணம் கேட்கும்போது, சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்திய பாவம் என்று விடை வருகிறது. இத்தனை சிறிய பிழைக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று முனிவர் சினந்து, அந்தத் தருமதேவனையே மண்ணில் விதுரனாகப் பிறக்கும்படி சபிக்கிறார். பதினான்கு வயது வரை செய்வது எதுவும் பாவமாகாது என்று எல்லையும் வகுக்கிறார். அது ஒரே பிறவிக்குள் நடந்த கதைதான், முற்பிறவிக்கு அது விடை சொல்லவில்லை. ஆனாலும் குழந்தைப் பருவத்துப் பிழைக்காக வந்த துன்பத்தை நம் முன்னோர் எளிதாக ஏற்கவில்லை, தருமத்தின் தலைவனையே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள் என்பதை அவள் தெரிந்துகொள்ளட்டும். தம்பி பாவம் எதுவும் செய்யவில்லை என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் பதில் கேட்டுக் காத்திருக்கிறாள், நாளை வரை தள்ளிப் போடாதீர்கள்.

கோயிலுக்குப் போகாமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட நாவுக்கரசர் கரை சேர்ந்த ஊர் உங்கள் திருப்பாதிரிப்புலியூர். அங்கே பாடலீசுவரர் முன் நின்று அவர் பாடிய பதிகம், “ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன் தோன்றினராய்” என்று தொடங்குகிறது. இறைவனைத் தாய் என்கிறார், தந்தை என்கிறார், உடன்பிறந்தார் என்றும் சொல்கிறார். கூட்டமில்லாத ஒரு காலை வேளையில் பிள்ளையை அழைத்துப் போங்கள். அந்த வரியை மகளுக்கு முன்கூட்டியே கற்றுக் கொடுத்துவிடுங்கள், சன்னிதியில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாடட்டும்.