விட்ட பிறகு ஏன் இருமல் கூடுகிறது?

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

எனக்கு 46 வயது. கல்லூரி நாட்களில் தொற்றிக்கொண்ட சிகரெட் பழக்கம் கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வரை வந்துவிட்டது. நுரையீரல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் விட்டேன். நான்கு வாரம் ஆகிறது, இடையில் ஒன்றுகூடத் தொடவில்லை. ஆனால் முன்பு காலையில் மட்டும் இருந்த இருமல் இப்போது நாள் முழுக்க வருகிறது. பழுப்பு நிறத்தில் சளியும் வருகிறது. "திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, தினமும் ஒன்றிரண்டு பிடித்தால் இருமல் கட்டுப்படும்" என்கிறார் என்னோடு வேலை பார்ப்பவர். அவரும் ஒருமுறை விட்டுவிட்டு, இதே தொல்லையால் திரும்ப ஆரம்பித்தவர். சிகரெட் பிடித்த காலத்தில்கூட நான் இவ்வளவு இருமியதில்லை என்று என் மனைவி சொல்கிறார். நான் செய்தது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

செய்தது சரிதான். தயவுசெய்து அந்த ஒன்றிரண்டைப் பிடித்துவிடாதீர்கள்.

உங்கள் சக ஊழியர் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் எனக்குக் கவலை இல்லை. சிகரெட் பிடித்தால் இருமல் அடங்கத்தான் செய்யும். அதனால்தான் எத்தனையோ பேர், விட்ட ஒரு மாதத்துக்குள் அதற்கே திரும்பிப் போகிறார்கள். ஏன் அடங்குகிறது என்று தெரிந்துகொண்டால் நீங்கள் போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நெருக்கமாக இருக்கின்றன. நொடிக்குப் பத்து முறைக்கு மேல், எல்லாம் ஒரே திசையில், காற்றில் நெல்வயல் சாய்ந்து நிமிர்வதுபோல அவை அசைந்துகொண்டே இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய சளிப் படலம். மூச்சோடு உள்ளே போகும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, மயிரிழைகள் அந்தப் படலத்தைத் தொண்டை வரை தள்ளிக் கொண்டுவருகின்றன. அங்கிருந்து நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம். ஆரோக்கியமான மனிதர் தன் சளியை உணர்வதே இல்லை.

சிகரெட் புகை இந்த மயிரிழைகளை மந்தமாக்குகிறது. வருடக்கணக்கில் பிடித்தால் அவை குட்டையாகின்றன, சில இடங்களில் உதிர்ந்தும் போகின்றன. இன்னொரு பக்கம் சளிச் சுரப்பிகள் பெருத்து, முன்பைவிட அதிகமாகச் சுரக்கின்றன. தேங்கிய சளியை இருமித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் காலை இருமல் அதுதான். தூங்கும் நேரத்தில் புகை இல்லாததால் மயிரிழைகள் கொஞ்சம் உயிர் பெறும், இரவெல்லாம் சேர்ந்த சளி எழுந்ததும் கிளம்பும். முதல் சிகரெட்டைப் பற்றவைத்ததும் நின்றுவிடும். பலர் அதை நிவாரணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வேலைக்கு எழுந்ததை மறுபடி படுக்கவைக்கிறோம்.

இதோடு முடியவில்லை. இருமல் என்பது ஓர் அனிச்சை. நிகோட்டின் அதை மழுங்கடிக்கிறது. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைச் சிறிது சிறிதாகக் கூட்டி மூச்சில் இழுக்கவைத்து, எந்த அளவில் ஒருவர் இருமுகிறார் என்று கவனிக்கும் சோதனை ஒன்று உண்டு. நுரையீரல் நோய் ஏதும் இல்லாத புகைப்பவர்களை இருமவைக்கவே, புகைக்காதவர்களைவிடக் கூடுதல் காரம் தேவைப்படுகிறது. அதே ஆட்கள் விட்டுவிட்டால் இரண்டு வாரத்திலேயே அந்த உணர்வு திரும்ப ஆரம்பிக்கிறது.

ஆக, உங்கள் மனைவி கவனித்தது சரி. அப்போது நீங்கள் குறைவாகத்தான் இருமினீர்கள். இருமியிருக்க வேண்டிய அளவுக்கு இருமவில்லை. இப்போது அனிச்சையும் திரும்புகிறது, மயிரிழைகளும் திரும்புகின்றன. பழுப்பு நிறம் பெரும்பாலும் புகையின் தார் கறை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு விட்ட வாரத்திலிருந்தே இருமல் குறையும். உங்களைப் போன்றவர்களுக்குச் சில வாரங்கள் கூடி, அப்புறம் தணியும். இருமலும் மூச்சுவாங்குதலும் 1 முதல் 9 மாதத்துக்குள் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இருமலை வைத்து நுரையீரலை எடை போடாதீர்கள். லண்டனில் வேலை பார்த்த ஆண்களை எட்டு வருடம் தொடர்ந்து கவனித்து, ஃப்ளெச்சர், பீட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சளி, இருமல் ஒரு பாதையில் போகிறது, மூச்சுக்குழல் சுருங்குவது பெரும்பாலும் வேறொரு பாதையில் போகிறது என்பது அதில் தெரியவந்தது. வாயைத் திறந்தாலே இருமுகிறவரின் நுரையீரல் நன்றாக இருக்கலாம். இருமலே இல்லாதவர் வருடா வருடம் மூச்சுத் திறனை இழந்துகொண்டிருக்கலாம். பின்னவருக்காகத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மாடி ஏற முடியாமல் போகும்போதுதான் அவர் வருவார், அதற்குள் பாதி போயிருக்கும்.

அதனால் மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைச் செய்துகொள்ளுங்கள். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, முழு மூச்சை இழுத்து ஒரேயடியாக ஊதச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவர் "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கத்துவார். ஆறு நொடி ஊதுவது எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் முக்கியமான எண். 1986இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய ஓர் ஆய்வில், ஆரம்பநிலைச் சுருக்கம் இருந்த 5,887 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 11 வருடக் கணக்கில், தொடர்ந்து புகைத்த ஆண்கள் இந்த எண்ணில் வருடத்துக்கு 66 மில்லி இழந்தார்கள், அடியோடு விட்டவர்கள் 30 மில்லி. போனது முழுதும் திரும்பாது, போகிற வேகம் பாதியாகிறது. விட்டவர்களின் இருமலும் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே குறைந்தது.

மருத்துவரை எப்படியும் ஒருமுறை பாருங்கள். 46 வயது, இத்தனை வருடப் பழக்கம், அதனால் மார்பு எக்ஸ்ரேயும் நல்லது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், புகைப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். சளியில் ரத்தக் கீற்று, எடை குறைவது, குரல் கம்மி அப்படியே இருப்பது, நெஞ்சுவலி, மாலைக் காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். "சிகரெட்டை விட்டதால் வரும் இருமல்தானே" என்று இருந்துவிடக் கூடாது. சளியோடு வரும் இருமலை அடக்கும் சிரப்பை நீங்களாக வாங்கிக் குடிக்கவும் வேண்டாம். சளி வெளியே வரட்டும்.

தினமும் ஒன்றிரண்டு மட்டும் என்ற யோசனைக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. மாரடைப்பைப் பொறுத்தவரை, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, இருபது பிடிப்பவரின் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு அல்ல. இதை உங்கள் சக ஊழியரிடமும் சொல்லுங்கள். அவருக்கு மனவுறுதி இல்லாமல் போகவில்லை, இருமல் எதனால் என்று யாரும் சொல்லாததால்தான் திரும்பப் போனார் என்று நினைக்கிறேன். சிகரெட்டை விட உதவும் நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, வேரனிக்லின் மாத்திரை எல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் மேற்பார்வையில் அவர் தாராளமாகத் தொடங்கலாம். ஸ்பைரோமெட்ரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.