கிளிசரினில் காணாமல் போன ஊசி

கேள்வி: எரிமலைப் பாறைக் குழிக்குள் விளைந்த வெள்ளை ஊசிக்கொத்து ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜியோலைட் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்த நேட்ரோலைட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதன் கடினத்தன்மை பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் 5 முதல் 5.5 என்று படித்தேன். ஆனால் குண்டூசி பட்டதுமே பொடிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: முதலில் குண்டூசியைக் கீழே வையுங்கள். உங்கள் கல் மென்மையானது என்று அதற்கு அர்த்தமில்லை. மயிரிழைப் படிகம், போதாததற்கு நீளவாக்கில் பிளக்கும் குணம் வேறு. கீறல் விழுவதற்குள் ஒடிந்துவிடும். தடித்த பட்டகம் இருந்தால்தான் அந்த 5.5-ஐச் சோதிக்க முடியும். அடர்த்தி 2.25 அளவில் வரவேண்டும், குவார்ட்ஸுக்கு 2.65. ஆனால் அடியில் தாய்ப்பாறை ஒட்டியிருந்தால் தராசை நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஒளிச்சோதனைதான் சரி. உதிர்ந்த ஊசி ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, தண்ணீர் கலக்காத கிளிசரின் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பாருங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.473. நேட்ரோலைட்டுக்குக் குறுக்கே 1.48, நெடுக்கே 1.49 சுமார். இரண்டும் இவ்வளவு நெருங்கினால் ஓரக்கோடு மங்கிப்போகும். முதல்முறை இதைச் செய்தபோது ஊசி தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து மேசையெல்லாம் துழாவினேன். இன்னொன்றைப் போட்டேன், அதுவும் காணோம்! தகட்டைத் துடைத்தபோது இரண்டும் துணியில் குத்தி நின்றன.

விளக்குக்கும் ஊசிக்கும் நடுவே, ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் போலராய்டு வில்லை ஒன்றை வைத்துத் திருப்பினால் இன்னும் வேடிக்கை. ஒளி ஊசியின் நெடுக்கே அதிரும்போது ஓரம் கொஞ்சம் தெரியும், குறுக்கே அதிரும்போது கரைந்துவிடும்.

ஊசி கிளிசரினில் பளிச்சென்று தெரிகிறதா? அப்படியானால் அதே குடும்பத்து ஊசிக்கனிமமான ஸ்கோலசைட்டாக இருக்கலாம். அதன் எண்கள் 1.51, 1.52 பக்கம். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு நடுவே ஊசியைச் சுழற்றிப் பாருங்கள். நேட்ரோலைட் ஊசி ஏதாவதொரு போலராய்டின் அதிர்வுத் திசைக்கு நேராக நிற்கும்போது இருண்டுபோகும். ஸ்கோலசைட் அந்தத் திசையிலிருந்து ஏறக்குறைய 18 பாகை சாய்ந்து இருளும். எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்தச் சாய்வு தெரியாது, அதனால் நாலைந்து ஊசிகளையாவது பாருங்கள். மெசோலைட் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு, எண் 1.505 அளவில், போலராய்டுகளுக்கு நடுவே எப்படித் திருப்பினாலும் மங்கலாகவே இருக்கும்.

தீயில் காட்டினால் ஸ்கோலசைட் புழுப்போல நெளியும், பெயரே புழுவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். நேட்ரோலைட் மெழுகுவர்த்திச் சுடரிலேயே உருகும். உங்களிடம் இருப்பதோ ஒரே கொத்து. உதிர்ந்த ஊசிக்கு மேல் தீக்குக் கொடுக்காதீர்கள்.