எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கசட்டில் ஹார்மோன் மாசு: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் நிலையத்தில் வெளியேறும் நீரில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் 90 சதவீதம் குறைந்திருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. அவ்வளவும் சிதைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடியால், கருத்தடை மாத்திரையிலிருந்து வரும் எத்தினைல் எஸ்ட்ராடியால், சலவைப் பொருள்களிலிருந்து வரும், ஹார்மோன் போலவே வேலை செய்யும் நோனைல்ஃபீனால் எல்லாமே தண்ணீரைவிடக் கசட்டோடு ஒட்டிக்கொள்ளவே விரும்புபவை. உள்ளே வரும் நீர், வெளியேறும் நீர், வெளியே எடுக்கும் கசடு மூன்றையும் அளந்து, நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால்தான் சிதைந்தது எவ்வளவு, இடம் மாறியது எவ்வளவு என்று தெரியும்.

சிறுநீரில் ஹார்மோன் பெரும்பாலும் குளுகுரோனைடு, சல்ஃபேட் என்ற வேறு மூலக்கூறுகளோடு இணைந்தே வருகிறது. சாக்கடையிலேயே ஈ.கோலை நொதி குளுகுரோனைடைக் கழற்றிவிடும். சல்ஃபேட் பிரிய நேரமாகும். வரும் நீரில் இணைப்பில்லாத ஹார்மோனை மட்டும் அளந்தால் கணக்கு தப்பும்.

கேள்வி: ஏரேஷன் டேங்கில் (காற்று ஊதும் தொட்டி) எதை மாற்றினால் சிதைவு கூடும்? ஆபரேட்டர் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

கசட்டின் வயதைக் கூட்டுங்கள். தொட்டியில் உள்ள திடப்பொருளை, தினமும் வெளியேற்றும் திடப்பொருளால் வகுத்தால் வயது வரும். 1,000 கன மீட்டர் தொட்டி, எம்எல்எஸ்எஸ் (தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருள்) லிட்டருக்கு 3,500 மில்லிகிராம் என்றால் உள்ளே 3,500 கிலோ. நாளைக்கு 350 கிலோ எடுத்தால் வயது 10 நாள். ரிட்டர்ன் ஸ்லட்ஜ் (படிந்தபின் தொட்டிக்குத் திரும்பும் கசடு) லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் இருந்தால், அந்த 350 கிலோவுக்குச் சுமார் 44 கன மீட்டர் எடுக்க வேண்டும்.

இளம் கசட்டிலும் எஸ்ட்ராடியால் சீக்கிரம் எஸ்ட்ரோன் என்ற வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோஜனாக மாறிவிடும். எஸ்ட்ரோன் மெதுவாகத்தான் போகும். எத்தினைல் எஸ்ட்ராடியால் அதைவிடப் பிடிவாதமானது. அதில் 17ஆம் கார்பனோடு சேர்ந்திருக்கும் எத்தினைல் தொகுதி, அந்த இடத்தில் நடக்க வேண்டிய ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது. நைட்ரிஃபிகேஷன் (பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது) நன்றாக நடக்கும், 10 நாளுக்கு மேற்பட்ட வயதுள்ள கசட்டில்தான் அது கணிசமாகக் குறையும். கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வையுங்கள். வெளியேறும் நீரில் அம்மோனியா இறங்குகிறதா பாருங்கள்.

வயதைக் கூட்டுவதற்காக வேஸ்டிங்கை (தினமும் கசடு வெளியேற்றுவதை) ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். கிளாரிஃபையர் (கசடு படியும் தொட்டி) தாங்காமல் கசடு வழிந்தால், ஒட்டியிருக்கும் ஹார்மோனும் ஆற்றுக்குத்தான் போகும்.

கேள்வி: டைஜஸ்டரில் (காற்றில்லாமல் கசட்டைச் செரிக்க வைக்கும் மூடிய தொட்டி) 35 டிகிரியில் 25 நாள் இருக்கிறதே, அது போதாதா?

பலர் நம்பி ஏமாறும் இடம் இதுதான். காற்றில்லாத சூழலில் எஸ்ட்ரோன் மறுபடி, அதைவிட வீரியமான எஸ்ட்ராடியாலாக மாறக்கூடும். எத்தினைல் எஸ்ட்ராடியால் பெரிதாகக் குறையாது. சலவைப் பொருளில் சேர்க்கும் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் தன் சங்கிலியை இழந்து நோனைல்ஃபீனாலாகி அங்கேயே தங்கிவிடும். போதாததற்கு, கரிமப் பொருள் வாயுவாகப் போவதால் மிஞ்சும் கசட்டில் கிலோவுக்கான அளவு கூடிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் வால்டர் கீகர் குழு 1984இல் சயன்ஸ் இதழில் காட்டியது இதைத்தான்: செரித்த கசட்டில் உலர் எடை கிலோவுக்கு 0.45 முதல் 2.53 கிராம் வரை நோனைல்ஃபீனால். பின்னாளில் டென்மார்க் நிலத்தில் இடும் கசட்டுக்கு, எத்தாக்சிலேட்டுகளையும் சேர்த்து, கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் சலவைப் பொருள்களில் இந்த ரசாயனத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. மூலத்திலேயே நிறுத்துவதுதான் சரியான தீர்வு என்பேன்.

டைஜஸ்டர் வாயுவுக்கு நல்லது. ஆனால் அதிலிருந்து வரும் கசட்டுக்குக் காற்று காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் கம்போஸ்ட் போடும் முறை?

நீர் பிழிந்த கசடு ஒரு பங்கு, மரச் சீவலோ தென்னை மட்டைத் துண்டோ கன அளவில் இரண்டு அல்லது மூன்று பங்கு. ஈரம் 55 முதல் 60 சதவீதம். கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30. குவியலை 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் வைத்து 5 முறை புரட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. அது கிருமிக்கான விதி. ஹார்மோன் போய்விட்டது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சூடு தணிந்தபின் மேலும் சில வாரம் புரட்டி முதிர விடுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது கட்டிகள்தான். வெளியே காய்ந்திருந்தாலும் நடுவில் காற்று இருக்காது. அங்கே நோனைல்ஃபீனால் அப்படியே இருக்கும். ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, நாற்றமடித்தால் இன்னும் ஆகவில்லை. கலக்கும்போதே உதிர்த்துவிடுவது நல்லது.

கேள்வி: அண்ணா, இதை வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போடலாமா?

வேண்டாம்மா, கிருமியும் கன உலோகமும் போதுமான காரணம். ஹார்மோனைப் பொறுத்தவரை செடி உறிஞ்சுவதைவிட மழையில் குளத்துக்கு ஓடுவதுதான் பெரிய கவலை. கனடாவில் ஒரு பரிசோதனை ஏரியில் 2001 முதல் 2003 வரை எத்தினைல் எஸ்ட்ராடியாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். அங்கிருந்த ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய இல்லாமலே போனது. வயலில் இடுவோர் மழைக்கு முன் இடாமல், மண்ணோடு உடனே கலந்து, நீர்நிலையிலிருந்து தள்ளி இட வேண்டும்.

கேள்வி: எம்.டெக் ப்ராஜெக்டுக்கு மாதிரி எடுக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

பழுப்புக் கண்ணாடிக் குப்பி மட்டும். பிளாஸ்டிக்கிலிருந்தே பிஸ்ஃபீனால் ஏ, நோனைல்ஃபீனால் வரலாம். 4 டிகிரியில் எடுத்துவந்து உடனே உறைய வைத்து உலர்த்துங்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய உள் தரத்தை, அதாவது ஒப்பிட்டு அளக்கச் சேர்க்கும் தெரிந்த அளவுப் பொருளை, பிரித்தெடுப்பதற்கு முன்பே சேருங்கள். பிறகு சேர்த்தால் இழப்பு தெரியாது. எலிசா கிட்டை (ஆன்டிபாடி கொண்டு அளக்கும் சோதனை) கசட்டுக்கு நம்பாதீர்கள், ஹியூமிக் பொருள்கள் (மட்கிய கரிமப் பொருள்கள்) குறுக்கிடும். எல்சி–எம்எஸ்–எம்எஸ் (பொருள்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி) வேண்டும். கட்டாயம் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி கொன்ற) கசட்டில் ஒரு ஒப்பீடும் ஓட்டுங்கள். அதிலும் அளவு குறைந்தால், அந்தக் குறைவை பாக்டீரியா கணக்கில் சேர்க்க முடியாது.