அலுவலகப் பொங்கல் விருந்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 120 பேர். போகிக்கு இரண்டு நாள் முன்பு மதியம் இலை போட்டுச் சாப்பாடு. கேட்டரிங்காரர் 19 ஐட்டம் என்கிறார். எவ்வளவு பொருள் தேவைப்படும்? மீட்டிங் ஹாலில் 40 பேர்தான் உட்காரலாம். (வாசகி, கிண்டி)

பதில்: 19 ஐட்டம் வேண்டவே வேண்டாம். ஐட்டம் கூடினால் ஒவ்வொன்றின் அளவும் தரமும் குறையும். பரிமாறுகிறவர் 19 முறை வரிசையைச் சுற்றி வருவதற்குள் முதலில் வைத்த சாதம் ஆறிவிடும். சர்க்கரைப் பொங்கல், வடை, ஒரு பொரியல், ஒரு கூட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அப்பளம், தயிர், ஊறுகாய், பாயசம் ஆகிய பதினொன்றும் சாதமும் போதும். அவற்றைச் சூடாகப் போடச் சொல்லுங்கள்.

நூறு பேருக்கான கணக்கைத் தருகிறேன். உங்களுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சாதத்துக்குப் புழுங்கலரிசி 10 முதல் 12 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ. சாம்பார் 15 லிட்டர் வரவேண்டும். ரசம் 10 லிட்டர், தயிர் 10 லிட்டர், பாயசம் 10 லிட்டர். பொரியலுக்கும் கூட்டுக்கும் நறுக்கிய காய் தலா 6 கிலோ. மெதுவடைக்கு உளுந்து 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் 110 வடை தேறும். இலை மட்டும் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். கிழிசலும் பழுப்பும் இல்லாத கட்டு கிடைப்பது அரிது.

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டிரைவர்கள், கேன்டீன் பையன்கள் எல்லாரையும் தலைக்கணக்கில் முதலிலேயே சேருங்கள். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று அவர்களை விடுவது எந்த விருந்துக்கும் அழகில்லை. அவர்களை மாற்று ஷிப்ட் பார்த்து ஒவ்வொரு பந்தியிலும் பிரித்து உட்கார வைக்கலாம்.

நாற்பது பேர் வீதம் மூன்று பந்தி. சாப்பிட அரை மணி, இலை எடுத்துத் துடைத்து மறு இலை போடக் கால் மணி. ஆக 12.15, 1.00, 1.45. எந்தப் பிரிவுக்கு எந்தப் பந்தி என்று முதல் நாளே மெயில் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரு மணிக்கு வாசலில் நிற்பார்கள். பரிமாறப் பத்துப் பேருக்கு ஒரு சப்ளையர், அதாவது நான்கு பேர். தண்ணீருக்கு ஒருவர், இலை எடுக்க இரண்டு பேர் தனி. இலை எடுக்கிற கையே பரிமாறக் கூடாது.

மூன்றாம் பந்தியில் எப்போதும் தீர்ந்துபோவது வடையும் பாயசமும்தான். முதல் பந்திக்கு இலை போடும் முன்பே இந்த இரண்டையும் மூன்றாகப் பிரித்து எடுத்துவைக்க மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். முதல் பந்தியில் கேட்டவருக்கெல்லாம் மறுபடி போட்டுவிட்டு, கடைசியில் வருகிறவருக்குக் கையை விரிக்கும் நிலை வராது.

ஒரு நல்ல சேதி: அது மார்கழி. முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மாஸ்டர்கள் பலருக்கு வேலை குறைவு. சென்னையில் சிலர், மார்கழிக் கச்சேரி நடக்கும் சபாக்களின் கேன்டீன்களுக்குப் போயிருப்பார்கள். மற்றவர்களிடம் விலை பேசலாம். தை பிறந்துவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை.

கேள்வி: போன வருடம் காலை பத்தரைக்கே சாப்பாடு வந்து இறங்கியது. இரண்டு மணிக்குத் திறந்தால் சாம்பார் சாதம் கட்டி, தயிர் சாதம் புளிப்பு, வடை நமத்துவிட்டது. (வாசகர், சிறுசேரி)

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. சாம்பார் சாதத்தில் அரிசி நேரம் ஆக ஆகத் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கிளம்பும்போது கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் இருக்க வேண்டும். கூடவே தனிச் சாம்பார் நாலைந்து லிட்டர் வரட்டும், பரிமாறும் முன் கொதிக்க வைத்துக் கலக்கலாம். தயிர் சாதத்துக்குச் சாதத்தைக் குழைய மசித்து நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, கொஞ்சமே தயிர் விட வேண்டும். சூடு ஆறாத சாதத்தில் முழுக்கத் தயிரைக் கலந்தால் மதியத்துக்குள் புளிக்காமல் வேறென்ன செய்யும்? வடையையும் அப்பளத்தையும் மூடிய பாத்திரத்தில் சூடாக அடைத்தால் ஆவியே அவற்றை நமக்க வைக்கும். வடை, காகிதம் விரித்த கூடையில் வரட்டும். அப்பளம் ஆறியபின் டின்னில்.

இதைவிட முக்கியமானது, சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. வெதுவெதுப்பில் மணிக்கணக்காக நிற்கும் சாதத்தில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி பெருகும், அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 12 மணிக்கு முன் வண்டி வரக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் சட்னியும் கடைசியாகத்தான் செய்யப்பட வேண்டும்.

கேள்வி: பாதிப் பேர் பிரியாணி கேட்கிறார்கள். (வாசகர், ஓசூர்)

பதில்: தரலாம். ஆனால் அந்த வாரம் சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் மார்கழி விரதக்காரர்களும் இருப்பார்கள். சைவம் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி மேசை. பெயர் போட்டுச் சீட்டு வாங்கி எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். கை தூக்கச் சொல்லி எண்ணினால் தப்பும். 70 பேருக்குச் சீரக சம்பா 8 கிலோ, கோழி 10 கிலோ போதும். தம் உடைத்த அண்டாவை அடிக்கடி திறக்காமல், ஓரத்திலிருந்து அடிவரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். மேலாக எடுத்தால் கறி முழுக்கக் கடைசி ஆட்களுக்குப் போகும்.

கேள்வி: வளாகத்திலேயே பொங்கல் வைக்க ஆசை. மாடியில் வைக்கலாமா, பார்க்கிங்கிலா? (வாசகி, கோவை)

பதில்: கீழ்த்தளப் பார்க்கிங்கில் மட்டும் கேஸ் அடுப்பு வைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். உள்ளே வைத்தால் புகைக்கு ஃபயர் அலாரம் அடிக்கும். மாடியோ, திறந்த முற்றமோ, கட்டட மேலாளரின் எழுத்து அனுமதியோடு வையுங்கள். தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்து லிட்டர் பானைக்கு அரை கிலோ பச்சரிசி, 125 கிராம் பாசிப்பருப்பு, முக்கால் கிலோ வெல்லம், 150 கிராம் நெய். மண்பானை என்றால் முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். அரிசி கழுவிய நீரும் பாலும் கழுத்துவரை ஊற்றிப் பொங்கவிடுங்கள். பொங்கியதும் இரண்டு லிட்டர் மொண்டு தனியே வைத்துக்கொண்டு அரிசி, பருப்பைப் போடுங்கள். வற்றினால் அந்த நீரையே ஊற்றலாம். அரிசி விரலில் மசிந்த பிறகே, கரைத்து வடிகட்டிய வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். முன்னதாகப் போட்டால் இனிப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அரிசி விறைத்து நின்றுவிடும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாது. அலுவலகப் பொங்கலில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். நேரமாகிறது என்று யாராவது வெல்லத்தைக் கொட்டிவிடுவார்கள். இந்தப் பானை நாற்பது பேருக்கு ஒரு கரண்டி வீதம் வரும். மற்றவர்களுக்குக் கேட்டரிங்காரரிடமே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பில்லில் ஜி.எஸ்.டி. எவ்வளவு வரும்? கம்பெனி அதைத் திரும்ப எடுக்க முடியுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வெளிக் கேட்டரிங்குக்கு வழக்கமாக 5 சதவீதம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கேட்டரிங்காரர் வரி போடவே கூடாது. உணவுச் செலவுக்கான வரியைப் பொதுவாக உள்ளீட்டு வரியாக (கம்பெனி கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வதாக) எடுக்க முடியாது, ஆகவே அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். இலைக்கு 350 ரூபாய் என்றால் 120 பேருக்கு 42,000, வரி 2,100. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டுவதால் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்க வேண்டும்: தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2. ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டியிருந்தால் 42,000 மீது மட்டும் கணக்கிடுங்கள். பான் எண்ணையும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். பான் இல்லையென்றால் 20 சதவீதம் பிடிக்க நேரும், அந்தத் தகராறு விருந்தன்று வேண்டாம்.