தீட்டும்போது அசையாத சக்கர மேசை

கேள்வி: வீட்டில் ஒரு சிறிய அறையைத் தச்சுப் பட்டறையாக வைத்திருக்கிறேன். உளியையோ இழைப்புளி அலகையோ தீட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் வேலை மேசையை ஒழிக்க வேண்டியிருக்கிறது. சாணை இயந்திரத்தையும் தீட்டுக்கற்களையும் சக்கரம் பொருத்திய ஒரே மேசையில் வைக்க எண்ணுகிறேன். அதை எப்படி அமைப்பது?

பதில்: நீங்கள் எண்ணியது மிகச் சரி. தீட்டுவதற்கு இடம் ஒழிக்கவே பத்து நிமிடம் ஆகுமானால், மழுங்கிய உளியையே இன்னும் கொஞ்சம் அழுத்தி வேலையை முடிக்கத்தான் மனம் போகும். அப்படி அழுத்தும் உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கிறது.

முதலில் உயரத்தைத் தீர்மானியுங்கள், ஏனெனில் இரண்டு வேலைகளுக்கும் ஒரே உயரம் பொருந்தாது. கல்லில் தீட்டும்போது தோளின் பாரம் கீழ்நோக்கி இறங்க வேண்டும் என்பதால், கல்லின் மேற்பரப்பு முழங்கையைவிட நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். சாணைச் சக்கரத்தின் அச்சோ முழங்கை உயரத்தை ஒட்டி இருந்தால்தான் குனியாமல் முனையைப் பார்க்க முடியும். ஆகவே மேசையைக் கல்லுக்கு ஏற்ற உயரத்தில் செய்து, இயந்திரத்தை மட்டும் உறுதியான ஒரு பெட்டியின் மேல் ஏற்றி, போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை அவசியம். சாணைச் சக்கரத்திலிருந்து உதிரும் பெரிய துகள் ஒன்று, கடைசி மெருகுக்கான மிக நுண்ணிய 8000 எண் கல்லில் விழுந்தாலும் மெருகேறிய முனையில் கீறல் விழும்.

மேசைக்கு அடியில் பொருத்தும் சக்கரங்களில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உருள்வதை மட்டும் நிறுத்தும் பிரேக் இருந்தாலும், கல்லில் முன்னும் பின்னும் தள்ளும்போது சக்கரத்தின் கழுத்து திரும்பி மேசை ஆடும். மேசை ஆடினால் கோணம் குலையும். உருள்வதையும் திரும்புவதையும் ஒருசேரப் பூட்டும் சக்கரங்கள் கிடைக்கின்றன. ஆனால் நான் விரும்புவது வேறு: நான்கு கால்களும் தரையில் ஊன்றி நிற்க, ஒரு பக்கத்துக் கால்களின் வெளிப்புறம் இரண்டு சக்கரங்களைத் தரையில் படாமல் பொருத்தி, மறுபக்கத்தைத் தூக்கும்போது மட்டும் அவை உருளும்படி செய்வது. கீழ்த்தட்டில் செங்கல்லோ மணல் மூட்டையோ வைத்தால் சாய்க்கும்போது கவிழாது.

உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் தீட்டுச்சட்டம் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சட்டத்துக்கு வெளியே முனை எவ்வளவு நீள வேண்டும் என்று காட்டும் அளவுக் கட்டைகளை மேசை விளிம்பில் ஒட்டிவிடுங்கள். பக்கவாட்டில் பற்றும் சாதாரணச் சட்டத்தில் உளி 40 மி.மீ. நீண்டிருந்தால் ஏறத்தாழ 25 பாகையும், 30 மி.மீ. நீண்டிருந்தால் 30 பாகையும் கிடைக்கும். இழைப்புளி அலகுக்கு அவை 50, 38 மி.மீ. ஆகும். உங்கள் சட்டத்தில் கோணமானியால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாணை பிடிக்கும்போது மேசையை மரத்தூளும் சீவலும் இல்லாத இடத்துக்குத் தள்ளிச் செல்லுங்கள். தீப்பொறி தூளில் விழுந்து மணிக்கணக்கில் கனன்று பிறகு பற்றுவதுண்டு. நீர் விட்டுத் தீட்டும் நீர்க்கற்களை ஈரத்தோடு இழுப்பறையில் பூட்டாமல், காற்றோட்டமுள்ள தட்டில் உலரவிடுங்கள். இல்லையேல் பக்கத்தில் இருக்கும் உளிகளில் துரு ஏறும்.