சிவப்புப் பாதையில் வியன்னா

மாநாடுகளுக்காக வியன்னா செல்லும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். கதிர்வீச்சு அளவியல் துறையில் பணியாற்றிய காலத்தில் கூட்டங்களுக்காக அந்நகரத்துக்கு அடிக்கடி போய்வந்தவள் நான். எனக்குப் பிடித்த ஊர் என்பதால் பதில்கள் சற்று நீளமாக இருக்கும்.

மூன்று நாள் மருத்துவ மாநாடு. காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை அமர்வுகள். அரங்கமோ டான்யூப் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறதாம். ஊரைப் பார்க்க நேரம் கிடைக்குமா? – குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர்

கிடைக்கும் டாக்டர். ஆனால் மூன்று மாலைகளில் வியன்னா முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஒரு மாலைக்கு ஓர் இடம் போதும். நாள் முழுவதும் ஆய்வுரைகள் கேட்டுக் களைத்த மனம் அதற்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளாது.

நீங்கள் சொல்லும் அரங்கம் ஐ.நா. கட்டடங்களை ஒட்டியிருக்கும் ஆஸ்திரியா சென்டர். வாசலிலேயே கைசர்மூலன் மெட்ரோ நிலையம். அங்கே ஓடுவது யூ-1 என்ற சிவப்புப் பாதை. இந்த ஒரு பாதையை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும், நீங்கள் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அதன் மேலேயே இருக்கிறது. ஆறாவது நிறுத்தம் ஸ்டெபான்ஸ்பிளாட்ஸ். படியேறி வெளியே வந்தால் புனித ஸ்டீபன் பேராலயம் கண்முன்னே நிற்கும். பத்து நிமிடப் பயணம்கூட இல்லை. அதற்கு அடுத்த நிறுத்தமான கார்ல்ஸ்பிளாட்ஸில் இறங்கினால் ஒரு பக்கம் 1869இல் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கு, மறுபக்கம் பச்சைக் குவிமாடத்துடன் கார்ல்ஸ்கிர்க்கே தேவாலயம். வழியில் வரும் பிராட்டர்ஸ்டெர்ன் நிலையத்தில் இறங்கினால் 1897இல் எழுப்பிய ராட்டினம். ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். 1944இல் தீயில் எரிந்து, போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டபோது முப்பது பெட்டிகளில் பதினைந்தை மட்டும் திரும்பப் பொருத்தினார்கள்.

முதல் நாள் மாலை மட்டும் இவை எதற்கும் போகாதீர்கள். அரங்கத்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் டோனாவ்இன்செல் வரும். 21 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தீவு இயற்கையானது அல்ல. வெள்ளத்தைத் திருப்பிவிட ஆற்றுக்கு இணையாக இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். 1972 முதல் 1988 வரை நடந்த அந்த வேலையில் தோண்டிய மண்ணைக் கொட்டியதில் எழுந்த நிலம் இது. இன்று நகர மக்கள் அங்கே நீந்துகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், புல்லில் படுத்துக் கிடக்கிறார்கள். வெள்ளத் தடுப்பு வேலை ஒன்று இப்படியொரு பொதுவெளியாகவும் அமைந்ததை நம் ஊர்ப் பொறியாளர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஜூன் மாதமென்றால் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். விமானக் களைப்பில் மாலை ஆறு மணிக்கே படுத்துவிட்டால் நள்ளிரவில் விழிப்பு வந்துவிடும். தீவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து படுத்தால் நன்றாகத் தூக்கம் வரும்.

விமான நிலையத்திலிருந்து டாக்சி அவசியமா? டிக்கெட் முறை குழப்பமானது என்கிறார்களே? – வங்கி அதிகாரி ஒருவர்

டாக்சி தேவையில்லை. விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஆஸ்திரிய ரயில்வேயின் வண்டி கால் மணி நேரத்தில் ஹவுப்ட்பான்ஹோஃப் என்ற தலைமை நிலையத்தில் சேர்த்துவிடும். அங்கே கொஞ்சம் நடந்தால் அதே சிவப்புப் பாதை. விமான நிலையத்துக்கென்றே தனியாக ஓடும் விரைவு ரயிலும் உண்டு. அதற்குக் கட்டணம் தனி, அதிகமும்கூட. மிச்சமாகும் நேரமோ சொற்பம்.

விமான நிலையம் நகரக் கட்டண எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகர டிக்கெட் கையில் இருந்தாலும் அந்த இடைத்தூரத்துக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். நகருக்குள் ஒரே டிக்கெட்டில் மெட்ரோ, டிராம், பஸ் மூன்றிலும் போகலாம். நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. அதனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் கடுமையாக இருக்கும். காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடைக்குப் போகும் வழியில் உள்ள நீலநிறப் பெட்டியில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத டிக்கெட் செல்லாது. பணம் கொடுப்பதற்கு முன்னால் மாநாட்டுப் பதிவுக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சில அமைப்பாளர்கள் பயண அட்டையையும் சேர்த்தே தருவார்கள்.

எழுபது வயதைக் கடந்த என் தாயார் உடன் வருகிறார். முழங்கால் வலி உண்டு. நான் அரங்கில் இருக்கும் நேரத்தில் அவரை அறையிலேயே உட்கார வைக்க மனம் வரவில்லை. – கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்

உட்கார வைக்காதீர்கள். அம்மாவுக்கு ஏற்ற ஊர் அது. மெட்ரோ நிலையங்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கி உண்டு. பெரும்பாலான டிராம்கள் தாழ்தள வண்டிகள், காலை அதிகம் தூக்காமலே ஏறிவிடலாம்.

பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படிகள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வடக்குக் கோபுரத்தில் மின்தூக்கி இருக்கிறது. அதில் ஏறினால் பும்மெரின் என்ற மாபெரும் மணியைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். துருக்கியப் படை விட்டுச்சென்ற பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்த மணி 1945 தீயில் விழுந்து உடைந்தது. அந்த உடைந்த உலோகத்திலிருந்து 1951இல் மறுபடி வார்த்ததுதான் இப்போது தொங்குவது. கோபுரத்திலிருந்து கூரையின் வண்ண ஓடுகளும் நன்றாகத் தெரியும்.

கலை வரலாற்று அருங்காட்சியகத்தை வியாழக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும் என்பதால் அமர்வு முடிந்து நீங்களும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கோடை தவிர மற்ற மாதங்களில் திங்கள் விடுமுறை. உலகில் பீட்டர் புரூகெலின் ஓவியங்கள் வேறெங்கும் இத்தனை ஒரே இடத்தில் இல்லை. பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களை 1565இல் தீட்டிய ஓவியம் அங்கேதான் இருக்கிறது. அதன் முன் சோபாவில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஷோன்புரூன் அரண்மனைக்கு கார்ல்ஸ்பிளாட்ஸில் மாறி, யூ-4 என்ற பச்சைப் பாதையில் போகவேண்டும். 1,441 அறைகள் கொண்ட மாளிகையில் நாற்பது அறைகளைப் போலத்தான் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் தோட்டமே பெரிது. அதற்குக் கட்டணமில்லை, காலை ஆறரைக்கே திறந்துவிடுவார்கள். அமர்வு தாமதமாகத் தொடங்கும் நாளில் நீங்கள் இருவரும் விடியற்காலையில் போய்விட்டு வந்துவிடலாம். குன்றின் மேலிருக்கும் குளோரியெட் மண்டபம்வரை அம்மாவை நடக்க விடாதீர்கள். ஏற்றம் முழங்காலை வாட்டிவிடும். பகலில் போவதானால், வெயில் காலத்தில் தோட்டத்துக்குள் ஒரு சிறு ரயில் வண்டி ஓடுகிறது.

மாநாட்டுக் குழு நடத்தும் பஸ் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாமா? – தமிழாசிரியர் ஒருவர்

நான் கட்ட மாட்டேன். அந்த பஸ்கள் பெரும்பாலும் சுற்றிக் காட்டுவது ரிங் சாலையைத்தான். நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைச் சுவரை இடிக்க 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் ஆணையிட, சுவர் நின்ற இடத்தில் 1865இல் திறந்த அகன்ற சாலை அது. ஒரே டிராம் அதை முழுச்சுற்றாகச் சுற்றுவதில்லை. சிவப்புப் பாதையிலுள்ள ஷ்வேடன்பிளாட்ஸில் இறங்கி 1ஆம் எண் டிராமில் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் வழியாக இசை நாடக அரங்குவரை போங்கள். அங்கிருந்து 2ஆம் எண் டிராமில் மறுபக்கமாக ஷ்வேடன்பிளாட்ஸுக்கே திரும்பிவிடலாம். பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளும் சுதந்திரம் சுற்றுலா பஸ்ஸில் இல்லை.

இயற்பியல் ஆய்வு மாணவி நான். முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாகப் போகிறேன். ஊர் திரும்புவதற்கு முன் அரைநாள் இருக்கிறது. எங்கே போகட்டும்?

மகளே, உன் கேள்வியைப் படித்ததும் எனக்கே கிளம்ப வேண்டும்போல் இருந்தது. நேராக மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. ரிங் சாலையோரத்தில் ஷ்வார்ட்சன்பெர்க்பிளாட்ஸில் 71ஆம் எண் டிராமில் ஏறி, கல்லறையின் இரண்டாம் வாயிலில் இறங்கிக்கொள். எல்லோரும் பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகிய இசைமேதைகளைத் தேடிப் போவார்கள், நீயும் பார். ஆனால் நீ நிற்க வேண்டிய இடம் இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மனின் கல்லறை. மார்பளவுச் சிலைக்கு மேலே, எஸ் சமம் கே லாக் டபிள்யூ என்று அவர் பெயரால் அறியப்படும், ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியைக் குறிக்கும் சமன்பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். அணு என்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று அதே நகரத்தில் எர்ன்ஸ்ட் மாஹ் போன்ற பெரியவர்கள் ஐயப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அணுக்களை நம்பியே வெப்பவியலைக் கட்டியெழுப்பியவர் போல்ட்ஸ்மன். 1906இல் மறைந்தார். அந்தக் கல் அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

திரும்பும் டிராமிலேயே ரிங் சாலைக்கு வந்து, ஷாட்டன்டோர் அருகே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடத்துக்குள் நுழைந்துவிடு. உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் அங்கே கற்பித்த அறிஞர்களின் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. குவாண்டம் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரின் சிலையில் அவருடைய சமன்பாட்டையும் காணலாம். அனுமதிக்குக் கட்டணமில்லை. ஞாயிறாக இல்லாத நாளாகப் பார்த்துப் போ. ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும், வீட்டுக்கு ஏதாவது வாங்குவதென்றால் சனிக்கிழமையே முடித்துவிடு. தனியாக இருக்கிறோமே என்று இரவை நினைத்துப் பயப்பட வேண்டாம். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடுகிறது. மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பின் இரவு பஸ் உண்டு. கழுத்தில் தொங்கும் மாநாட்டு அட்டையை மட்டும் அரங்கை விட்டு வெளியே வந்ததும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்.