100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் இருந்தும் சுவருக்குப் பின்னால் சாவது ஏன்?

கேள்வி: சார், கடலூர் முதுநகரில் இருக்கிறேன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறேன். பகலில் பிங், அதாவது ஆட்டத்தை நடத்தும் சர்வர் கம்ப்யூட்டருக்குச் சேதி போய்வர ஆகும் மில்லி செகண்ட், 30, 35 இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் 150, 180 என்று குதிக்கிறது. சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் செத்து விழுகிறேன். வீட்டில் 100 எம்பிபிஎஸ் வேக ஃபைபர் இன்டர்நெட். ஹாலில் உட்கார்ந்து போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் இரவிலும் 95 காட்டுகிறது. கேபிள்காரர் 300 பிளானுக்கு மாறச் சொல்கிறார். கூடவே 6,500 ரூபாய்க்கு ஒரு கேமிங் ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். அப்பாவிடம் பணம் கேட்கலாமா? என் கம்ப்யூட்டர் மாடி அறையில், யூஎஸ்பி வைஃபை குச்சியில் ஓடுகிறது. வாசலில் இரண்டு வைஃபை கேமரா இருக்கின்றன.

பதில்: கேட்காதீர்கள் தம்பி. பிளானும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம். இன்னும் ஒரு வாரத்துக்காவது அப்பாவின் பணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு கடலூர்வரை வீடு வீடாக நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். இதே கேள்வி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரும், கேமின் பெயர் மட்டும் மாறும். கேபிள்காரர்கள் சொல்லும் வைத்தியம் மட்டும் மாறுவதே இல்லை: பெரிய பிளான், புது ரவுட்டர். தலைவலி என்று போனாலும் கால்வலி என்று போனாலும் ஒரே ஊசி.

இந்த ஆட்டத்துக்கு எம்பிபிஎஸ் பெரிதாகத் தேவையே இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள், சுட்டீர்களா என்று உங்கள் கம்ப்யூட்டர் சர்வருக்குச் சொல்கிறது. மற்ற ஒன்பது பேரும் என்ன செய்கிறார்கள் என்று சர்வர் திருப்பிச் சொல்கிறது. எல்லாம் பொடிப் பொடிச் செய்திகள். உங்கள் 100ல் ஒன்றிரண்டே அதற்குத் தாராளம். மீதி சும்மா கிடக்கிறது. இதில் இன்னும் 200 சேர்த்தால் அதுவும் சேர்ந்து சும்மா கிடக்கும், மாதா மாதம் பில் மட்டும் ஏறும்.

உங்களுக்கு வேண்டியது வேகம் இல்லை, தாமதமில்லாமல் போய்வருவது. லாரன்ஸ் ரோட்டில் ரயில்வே கேட் இருந்த காலத்தை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கேட் மூடியிருக்கும்போது ரோட்டை மூன்று மடங்கு அகலமாக்கினாலும் நிற்கிற வண்டி நிற்கும். கேட் எங்கே மூடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சுவருக்குப் பின்னால் சாவதைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வர் வினாடிக்கு 64 முறை, அதாவது சுமார் 15.6 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்கிறது. ஒருவன் சுட்டான் என்று சேதி வந்ததும், அவன் சுட்ட நேரத்தில் அவன் திரையில் நீங்கள் எங்கே தெரிந்தீர்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறது. நீங்கள் ஒளிந்த சேதி அவனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் சுட்டாகிவிட்டது. இதில் எதிராளியின் பிங்கும் சேர்ந்திருப்பதால் உங்கள் பிங் 30ஆக இருந்தாலும் எப்போதாவது ஒரு தடவை அப்படிச் சாவீர்கள். அதற்குக் கேபிள்காரரைத் திட்டாதீர்கள். 180ல் ரவுண்டுக்கு ரவுண்டு நடப்பதற்குத்தான் வைத்தியம் வேண்டும்.

பிங்குக்கு இயற்கையே ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். போய்வர 11 மில்லி செகண்ட் ஒளிக்கே தேவைப்படுகிறது. வழியில் வளைவு, நெளிவு, ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்து 30 ஆனால் அது நல்ல இணைப்பு. இந்த ஆட்டத்துக்குச் சென்னையிலும் சர்வர் உண்டு, அது கிடைத்தால் இன்னும் குறையும். ஆக, பகலில் உங்களுக்கு வருகிற 30, 35 அருமையான எண். உங்கள் ஃபைபரும் அது போகிற பாதையும் சரியாகவே இருக்கின்றன. இரவில் மட்டும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது.

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரிகள் கடைசி இரண்டு வரிகள்தான். ஸ்பீடு டெஸ்ட் போட்டது ஹாலில், ரவுட்டருக்குப் பக்கத்தில், போனில். ஆடுவது மாடியில், வைஃபை குச்சியில். இரண்டும் ஒன்றா? ஹாலில் வெயில் அடிக்கிறது என்பதற்காக மாடியில் போட்ட வடகம் காய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. போதாததற்கு, ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற ஒரு சர்வரைத்தான் தொட்டுவிட்டு வரும். அது 95 காட்டுவதால் ஆட்டத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்றிரவு ஒன்பது மணிக்கு, பிங் குதிக்கிற நேரம் பார்த்து, இதைச் செய்யுங்கள். மாடிக் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு உங்கள் ரவுட்டரின் எண்ணைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், இல்லாவிட்டால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். கடைசியில் இன்னோர் இடம் விட்டு ஒரு கழித்தல் குறியும் டி (t) எழுத்தும் சேர்த்தால் நிறுத்துகிறவரை ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் பாருங்கள். இது உங்கள் மாடிக்கும் ஹாலுக்கும் நடுவிலான தூரம் மட்டுமே. ஒன்று, இரண்டு, மூன்று என்று வர வேண்டும். 40, 90, 200 என்று வந்தால் கேட் மூடுவது உங்கள் வீட்டுக்குள்ளேயே. அப்புறம் கேபிள்காரர் 1,000 எம்பிபிஎஸ் கொடுத்தாலும் நீங்கள் சாவீர்கள்.

என் கணிப்பு, அங்கேதான் இருக்கும்.

வைஃபை குச்சிகளில் விலை குறைந்தவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே ஓடும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. தெருவில் இருக்கிற அத்தனை வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள். எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி, எல்லார் கையிலும் போன். உங்கள் வீட்டிலேயே வாசலில் இரண்டு கேமரா. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வாசலில் சிக்னல் பலவீனமாக இருந்தால் கேமரா திக்கித் திக்கி மெதுவாகப் பேசும், அது முடிக்கிறவரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

கேமராவில் இரவுக்கென்றே ஒரு வேடிக்கை உண்டு. போன மழைக்காலத்தில் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் இதே புகார். கேமராவின் இருட்டு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பூச்சி பறக்கும்போதும் ஆள் நடமாட்டம் என்று நினைத்து அது வீடியோ எடுத்து மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுப் பையன் மூன்று மாதமாகக் கேபிள்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினேன், பிங் 34க்கு இறங்கி அப்படியே நின்றது. கேமராவில் நடமாட்ட உணர்வைக் குறைத்து வைத்தோம், கதை முடிந்தது.

உங்களுக்கான மருந்து ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள். அவ்வளவுதான். கேட் 6 (Cat 6) என்ற ரகக் கேபிள் 15, 20 மீட்டர் சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் இங்கே ஒரு பித்தலாட்டம் இருக்கிறது, நான் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது. மேலே கேட் 6 என்று அச்சடித்திருக்கும், உள்ளே செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். கடையில் ஒரு முனையை உரிக்கச் சொல்லுங்கள். எட்டுக் கம்பிகளில் ஒன்றைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் வாங்குங்கள், வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதுநகர் உப்புக் காற்றில் அலுமினியக் கம்பி சீக்கிரம் பூத்துப்போகும். அப்போது பிங் மறுபடி குதிக்கும், நீங்கள் மறுபடி எனக்கு எழுதுவீர்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்பார். ஒன்று இல்லை.

சரி, ரவுட்டருக்குப் பிங் ஒன்று இரண்டு என்றுதான் வருகிறது, இருந்தும் ஆட்டத்தில் 180 என்றால்? அப்போது கோளாறு வெளியே. தெருவில் ஒரே இழையை ஒரு பிரிப்பானில் 32 வீடு, 64 வீடு என்று பகிர்கிறார்கள். அதற்குப் பின்னால் கேபிள்காரர் மேலே இருக்கிற நிறுவனத்திடம் வாங்கி வைத்திருக்கும் இணைப்புக் குழாய் ஒன்று இருக்கிறது. இரவில் அது நிரம்பினால் 100 பிளான்காரரும் 300 பிளான்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். இதைத் தெரிந்துகொண்டேதான் 300க்கு மாறச் சொல்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அவர்கள் ஆள் வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: "அண்ணே, மீட்டர் வெச்சு லைட் அளந்து காட்டுங்க." ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ ஒட்டினால் வழியில் எங்கோ அழுக்கு, அல்லது மடிப்பு. ஜன்னலில் அடித்த ஆணியில் ஃபைபரைச் சுருட்டி மாட்டியிருப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த இழையைக் கொடிக்கயிறு மாதிரி மடிக்கக் கூடாது.

இனி, பிங் பூஸ்டர். மாதம் இவ்வளவு கட்டினால் பிங்கைப் பாதியாக்குகிறோம் என்கிற ஆப்கள், டெலிகிராமில் சுற்றுகிற 'நோ லேக் ஃபைல்'கள். இரண்டாவதைத் தொடவே தொடாதீர்கள். அதில் பாதி உங்கள் கேம் கணக்கான ஸ்டீமின் பாஸ்வேர்டைத் திருட வந்தது, மீதி ஏமாற்று மென்பொருள். ஏமாற்றியதாகப் பிடிபட்டு, இந்த ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் விஏசி தடை விழுந்தால் அது நிரந்தரம். பாஸ்வேர்டு போனால் சேர்த்து வைத்த ஸ்கின், அதாவது துப்பாக்கி அலங்காரம் எல்லாம் போச்சு. பூஸ்டர் ஆப்புகளோ உங்கள் கேம் செய்திகளை வேறொரு ஊரைச் சுற்றி அனுப்புகின்றன. இந்த ஆட்டம் ஏற்கெனவே வால்வின் சொந்த ரிலே பாதையில்தான் போகிறது. சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாம் என்பது, பக்கத்தில் இருக்கிற திருவந்திபுரம் போகப் பண்ருட்டி வழி சுருக்கம் என்கிற மாதிரி.

ஆனால் ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் நாளைக்கே யாராவது என் சட்டையைப் பிடிப்பார்கள். சில நிறுவனங்கள் செலவு மிச்சம் என்று மும்பைக்குப் போக வேண்டியதைச் சென்னையில் கடலுக்குள் இறக்கிச் சிங்கப்பூர் கொண்டுபோய்த் திருப்பும். சிங்கப்பூர் இங்கிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர், போய்வர ஒளிக்கே 29 மில்லி செகண்ட். அங்கிருந்து மும்பைக்கு வேறு வர வேண்டும். இரவும் பகலும் ஒரே மாதிரி 90, 100 என்று நிலையாக நின்றால் இந்தச் சந்தேகம் நியாயமானது. சேதி போகிற வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ் ரூட் போட்டுப் பார்த்தால் 8, 10 என்று வந்துகொண்டிருந்த எண் ஒரு படியில் திடீரென்று 50, 60க்குத் தாவும். அந்த வீட்டில் மட்டும், சேதியை வேறு வழியில் அனுப்பும் ஒரு நல்ல விபிஎன் உண்மையாகவே பிங்கைக் குறைக்கும். நானே ஒருவருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதையும் இலவசச் சோதனைக் காலத்தில் மூன்று இரவு ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டேனே தவிர, உங்களுக்கு இது பொருந்தாது. உங்களுக்குத்தான் பகலில் 30 வருகிறதே.

புகார் கொடுக்க வேண்டி வந்தால், கருப்புத் திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள், மணி தெரிகிற மாதிரி. கேபிள்காரரிடம் வாயால் சொல்வது புகார் ஆகாது. அவருக்கு மேலே இருக்கிற நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண், வாங்க வேண்டும். முதலில் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள், பண்ணுங்கள். மறுநாள் யாரும் வராமலே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். என் வீட்டுக்கே வந்திருக்கிறது, நானும் வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளன்தானே. அதற்கும் மேலே போனால் மேல்முறையீட்டு அதிகாரி. அவரும் அதே நிறுவனத்து ஆள்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் போகலாம் என்றால் தனி மனிதர் புகாரை அது விசாரிப்பதில்லை. மாமியார் கொடுமையை மாமியாரிடமே சொல்லி நியாயம் கேட்கிற ஏற்பாடு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், தொலைத்தொடர்புச் சேவைக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. ஆனால் பிங் 180க்காக வாய்தாவுக்கு அலைவதைவிட வேறு இணைப்புக்கு மாறுவது சுலபம். மாறுகிறபோது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள், கட்டிவிட்டால் அப்புறம் உங்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் ரவுட்டர் பிங் சரியாக வந்தால்தான். முதலில் இன்றிரவு அந்த இரண்டு கேமராவையும் நிறுத்திவிட்டு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.